நாரோபோட்டுக்குள் ஓவியக் கண்காட்சி: முதல்முறை வைப்பவர்களுக்கு

இங்கிலாந்துக் கால்வாய்களில் ஓடும் ஒடுக்கமான இரும்புப் படகுதான் நாரோபோட். அதில் கலை நிகழ்ச்சி நடத்துவது புதிதில்லை. லண்டனில் 1982 முதல் ஒரு படகுக்குள் பொம்மலாட்டம் நடந்துவருகிறது. மிக்ரான் நாடகக் குழு, 1936-இல் கட்டிய டைஸ்லி என்ற நாரோபோட்டில் ஊர் ஊராகப் போயிருக்கிறது. உங்களுக்கோ நண்பருக்கோ படகு இருந்தால் ஓவியம் மாட்டிப் பார்க்கலாம்.

படி 1: டேப்பை எடுங்கள்

படகின் வெளி அகலமே சுமார் 2.08 மீட்டர்தான், குறுகலான லாக்குகளுக்குள் (நீர்மட்டம் மாறும் இடத்தில் படகை ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டிகள்) நுழைய வேண்டுமே. உள்ளே இன்னும் குறையும். பார்ப்பவர் கை நீட்டும் தூரத்தில்தான் நிற்பார். பெரிய கேன்வாஸை விட்டுவிட்டு, சின்ன ஓவியம், அச்சுப்படம், கோட்டோவியம் என்று தேர்ந்தெடுங்கள். வாசலையும் அளந்துகொள்ளுங்கள், மறந்துவிடாதீர்கள்.

படி 2: மாட்டுங்கள்

எல்லோரும் தடுமாறுவது இங்கேதான். படகின் பக்கச் சுவர் மேலே போகப் போக உள்பக்கம் சாய்ந்திருக்கும். வீட்டில்போல ஆணியில் தொங்கவிட்டால் சட்டத்தின் அடிப்பக்கம் சுவரைவிட்டு விலகி நிற்கும். பக்கத்தில் இன்னொரு படகு போனாலே டக் டக்கென்று அடிக்கும். அதனால் கீழ் மூலைகளிலும் ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள். குட்டை ஸ்க்ரூ போதும். பலகைக்குப் பின்னால் வயர் ஓடலாம்.

ரசமட்டத்தை நம்பாதீர்கள். நான் அரை நாள் அதோடு மல்லுக்கட்டி ஒரு வரிசையை நேராக்கினேன். சாயங்காலம் தண்ணீர் பிடித்தோம். முன்பக்கத் தொட்டி நிறைந்ததும் படகின் மூக்கு தாழ்ந்தது, குமிழியும் நகர்ந்துவிட்டது. ஜன்னல் விளிம்பிலிருந்து அளந்து மாட்டுங்கள். கண் ஒப்பிடுவது அதோடுதான். கனமான படங்களை இரு பக்கமும் பிரித்துப் போடுங்கள்.

படி 3: ஈரத்தைக் கவனியுங்கள்

குளிர்நாளில் ஐந்தாறு பேர் மூச்சு விட்டாலே கண்ணாடியில் நீர் வழியும். காகிதம் அலையலையாக நெளிந்துவிடும். ஜன்னலுக்குக் கீழே காகித ஓவியம் வேண்டாம். குளிருகிறதென்று காற்றுத் துளைகளை யாராவது அடைக்கப் பார்ப்பார்கள், விடாதீர்கள். அடுப்பு எரியும் படகில் அது உயிருக்கே ஆபத்து.

படி 4: உரிமமும் காப்பீடும்

கால்வாய்களில் பெரும்பாலானவை கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் பொறுப்பில் உள்ளன. படங்களை விற்கப்போகிறீர்கள் என்றால் வணிக உரிமம் வேண்டும், காப்பீடும் வேண்டும். நிரந்தர நிறுத்துமிடம் இல்லாத படகு ஓரிடத்தில் பொதுவாக 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது. அழைப்பிதழ் அடிப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

படி 5: ஆட்களை ஏற்றுங்கள்

ஒரு நேரத்தில் ஐந்தாறு பேர் போதும். ஒரு முனையில் ஏறி மறுமுனையில் இறங்கட்டும். நடுவில் எதிரெதிரே வந்தால் விலக இடமில்லை. நல்ல படம் ஒன்றைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால் படகும் சாயும். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் கையில் தேநீர் கொடுக்காதீர்கள்.

அப்புறம், படகை நகர்த்தும் நாளில் சட்டங்களைக் கழற்றி, துண்டு சுற்றிப் படுக்கையில் கிடத்துங்கள். லாக் சுவரில் இடிக்காமல் போகிற படகை நான் இன்னும் பார்த்ததில்லை.