பழைய பிக்கப்பின் ஆண்டும் இன்ஜினும்: எண்களைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பழைய ஷெவர்லே அல்லது ஃபோர்டு பிக்கப்பில் எண்களுக்குப் பஞ்சமே இல்லை. கதவுத் தூணில் ஒரு தகடு, சேஸில் ஒரு வரிசை, இன்ஜினின் முக்கிய இரும்புக் கூடான பிளாக்கில் மூன்று நான்கு இடங்கள், அதன்மேல் உட்காரும் ஹெட், மேனிஃபோல்டு, கியர்பாக்ஸ் என்று துடைத்த இடமெல்லாம் ஏதாவது தெரியும். முதலில் கண்ணில் பட்ட எண்ணை இணையத்தில் தேடி, கிடைத்த ஆண்டை வண்டியின் ஆண்டாகவே எடுத்துக்கொள்வதில்தான் பெரும்பாலான குழப்பம் தொடங்குகிறது. ஹெட்டில் உள்ள எண் ஹெட்டைப் பற்றி மட்டுமே சொல்லும். ஐம்பது அறுபது ஆண்டு உழைத்த வண்டியில் அந்த ஹெட் எப்போது வந்து உட்கார்ந்தது என்பது அதற்குத் தெரியாது.

எதைப் படிக்கிறோம் என்பதை விரலால் தடவியே தெரிந்துகொள்ளலாம். இரும்பிலிருந்து புடைத்து நிற்பது வார்ப்பு எண், அச்சிலேயே இருந்தது. குழிந்து இருப்பது பஞ்ச் எண். இன்ஜினைக் கோத்த பிறகோ வண்டியில் ஏற்றும்போதோ குத்தியது. வார்ப்பு எண், எந்த அச்சில் வார்த்த பிளாக் என்பதை மட்டும் சொல்லும். ஒரே அச்சு பல ஆண்டு ஓடியிருக்கும்.

ஷெவர்லேயின் 3970010 இதற்குப் பேர்போன எடுத்துக்காட்டு. 350 கன அங்குல வி8 பிளாக்குகளில் 1969 முதல் 1979 வரை இதே எண் வந்தது. காரிலும் உண்டு, பிக்கப்பிலும் உண்டு. 1969இல் 302 இன்ஜினுக்குக்கூட இதே வார்ப்பு பயன்பட்டது. ‘010 பிளாக், அதனால் நான்கு போல்ட் மெயின்’ (கிராங்க் பேரிங் மூடிகளை நான்கு நான்கு போல்ட்டால் இறுக்கிய வகை) என்று விற்பவர் அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம். இரண்டு போல்ட் வகையிலும் இதே எண் இருக்கிறது. ஆயில் பேனைக் கழற்றிப் பார்க்காமல் அதைச் சொல்ல முடியாது.

ஃபோர்டில் குழப்பம் வேறு விதம். எஃப்இ என்ற ஃபோர்டு வி8 குடும்பத்துப் பிளாக்கின் முன்பக்கத்தில் ‘352’ என்று கொட்டை எழுத்தில் வார்த்திருக்கும். அதைப் பார்த்ததும் 352 இன்ஜின் என்று முடிவுகட்டுகிறவர்கள் ஏராளம். உண்மையில் 360, 390 பிளாக்குகளிலும் அதே 352 இருக்கும். அந்த எழுத்தை மறந்துவிட்டு ஸ்ட்ரோக்கை, அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தை, அளப்பதே வழி. 352, 360 இரண்டுக்கும் 3.50 அங்குலம், 390க்கு 3.78. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, நீளமான மெல்லிய மரக்குச்சியைத் துளையில் விட்டு, கிராங்க்கைக் கையால் மெதுவாகச் சுற்றினால் குச்சி எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளலாம். குச்சி கொஞ்சம் சாய்ந்து நின்றாலும் 7 மில்லிமீட்டர் வித்தியாசம் மறையாது. ஸ்டார்ட்டரைப் போட்டுச் சுற்றக் கூடாது. குச்சி முறிந்து உள்ளே விழுந்தால் ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான்.

இந்த உத்தி ஷெவர்லேயில் எப்போதும் உதவாது. 305க்கும் 350க்கும் ஸ்ட்ரோக் ஒன்றே, 3.48 அங்குலம். 307, 327 இரண்டுக்கும் 3.25. இவை சிலிண்டரின் விட்டத்தில்தான் வேறுபடுகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே உருவம். ஆகவே அங்கே பிளாக்கின் பின்பக்கம், கியர்பாக்ஸை இணைக்கும் பெல் ஹவுசிங் சேரும் விளிம்பில், ஓட்டுநர் பக்கமாக உள்ள வார்ப்பு எண்ணைத்தான் நாட வேண்டும். இன்டேக் மேனிஃபோல்டில் பெரிதாகத் தெரியும் 18436572 என்பதைப் பாக எண்ணாக நினைத்துத் தேடுகிறவர்களும் உண்டு. அது ஃபயரிங் ஆர்டர், சிலிண்டர்கள் எரியும் வரிசை.

அடுத்தது தேதி. ஷெவர்லேயின் தாய் நிறுவனமான ஜிஎம்மின் வார்ப்புத் தேதியில் மாத எழுத்து முதலில், பிறகு நாள், கடைசியில் ஆண்டு. ‘சி 15 6’ என்றால் மார்ச் 15, ஆறில் முடியும் ஓர் ஆண்டு. அது 1966ஆ 1976ஆ என்பதை இந்த ஓர் இலக்கம் சொல்லாது. வார்ப்பு எண்ணோடு சேர்த்துப் படித்தால்தான் பத்தாண்டு பிடிபடும். ஃபோர்டில் ஆண்டு முதலில், அடுத்து மாதம், பிறகு நாள்: ‘8ஏ15’ என்றால் எட்டில் முடியும் ஆண்டின் ஜனவரி 15. இன்னொரு சிக்கல், ஜிஎம் தன் மாத வரிசையில் ‘ஐ’ எழுத்தைச் சேர்த்துக்கொண்டது, ஃபோர்டு விட்டுவிட்டது. அதனால் ‘ஜே’ ஜிஎம்மில் அக்டோபர், ஃபோர்டில் செப்டம்பர். ஒன்றின் அட்டவணையை வைத்து மற்றதைப் படித்தால் ஒரு மாதம் தள்ளிப்போகும்.

ஒரு மாதம்தானே என்று விட்டுவிட முடியாது. புதிய மாடல்கள் வழக்கமாக முந்தைய ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே வந்துவிடும். 1965 அக்டோபரில் வார்த்த பிளாக் 1966 மாடல் வண்டியில் இருப்பது இயல்பு. ஜூன் மாதத் தேதி என்றால் அந்த ஆண்டு மாடலுக்கே வாய்ப்பு அதிகம். வார்ப்பு, இன்ஜினைக் கோத்தல், வண்டி தயாரிப்பு என்ற வரிசையில்தான் தேதிகள் வர வேண்டும். வண்டிக்குப் பிந்திய தேதி பிளாக்கில் இருந்தால், அது பின்னால் மாற்றிய பிளாக். அதற்கு மேல் விவாதம் தேவையில்லை.

ஃபோர்டு பாகங்களில் ‘சி8டிஇ’ என்று தொடங்கும் எண்ணையும் தேதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சி 1960களையும், 8 அதில் எட்டாம் ஆண்டையும், டி லாரிப் பிரிவையும் குறிக்கும். 1968இல் வடிவமைத்த பாகம் என்பது மட்டுமே இதன் பொருள். சில ஆண்டு கழித்துத் தயாரான வண்டியிலும் அது இருக்கலாம்.

ஷெவர்லே சிறிய வி8இன் பஞ்ச் எண், முன்பக்கம் பயணியின் பக்கத்து ஹெட்டுக்கு முன்னால் உள்ள சிறு தளத்தில் இருக்கும். ‘எஃப்0415’ என்றால் ஃபிளின்ட் ஆலை, ஏப்ரல் 15. பின்னால் வரும் எழுத்துகள் எந்த வண்டிக்கு, என்ன திறனுக்கு என்று சொல்பவை. ஆண்டு அதில் இல்லவே இல்லை. ஒரே எழுத்துக்கூட்டு வேறு வேறு ஆண்டுகளில் வேறு வேறு இன்ஜினுக்குப் பயன்பட்டிருப்பதால், வார்ப்புத் தேதியைப் பார்க்காமல் அட்டவணையைத் திறப்பது வீண்வேலை. 1970 முதல் இரண்டெழுத்து மூன்றெழுத்தானது. அது ஒரு நல்ல தடயம். 1968 வாக்கில் தொடங்கி வண்டி எண்ணின் ஒரு பகுதியையும் இன்ஜினில் குத்தினார்கள். அது சேஸ் எண்ணோடு பொருந்தினால்தான் ‘ஆலையில் ஏறிய அதே இன்ஜின்’ என்ற பேச்சுக்கு மதிப்பு. தளம் கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தால், மறுசீரமைப்பில் பிளாக்கின் மேல்தளத்தை இழைத்தபோது எண் போயிருக்கலாம். அப்படி இழைத்த தளத்தில் எண் மட்டும் பளிச்சென்று இருந்தால் கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

வண்டி எண்ணிலேயே பெரிய தவறு, இன்றைய 17 இலக்க முறையை அதன்மேல் திணிப்பது. அந்தப் பொது முறை 1981 மாடலில்தான் வந்தது. அதற்கு முன் பத்தாவது இலக்கத்தில் ஆண்டைத் தேடிப் பயனில்லை. 1967 முதல் 1971 வரையிலான ஷெவர்லேயில் ‘சிஇ140’ என்று தொடங்கினால் சி என்பது இருசக்கர இயக்கம், இ என்பது வி8, 1 என்பது அரை டன் வகை, ஐந்தாம் இடத்துப் பூஜ்யம் 1970. இ இருந்த இடத்தில் எஸ் இருந்தால் ஆறு சிலிண்டர். கவனியுங்கள், வி8 என்று மட்டும்தான் சொல்கிறது. 307ஆ 350ஆ என்று சொல்லவில்லை. ஃபோர்டு இதில் தாராளம்: 1968 முதல் 1976 வரையிலான எஃப்100இல் நான்காம் இடத்து ‘ஒய்’ 360, ‘எச்’ 390. ஆனால் 1970களின் ஃபோர்டு எண்ணில் ஆண்டுக்கென்று தனி இலக்கம் கிடையாது. தொடர் எண்ணின் தொடக்க எழுத்தை வைத்துத்தான் ஆண்டைப் பிடிக்க வேண்டும்.

இன்னும் பழையவற்றில் ஆவணமே குழப்பும். அந்தக் காலத்தில் பல அமெரிக்க மாநிலங்கள் இன்ஜின் எண்ணை வைத்தே உரிமைப் பத்திரம் கொடுத்தன. 1940களின் வண்டியில் பத்திரத்து எண் கதவுத் தகட்டில் இல்லை என்றால், திருட்டு வண்டி என்று பதறுவதற்கு முன் பிளாக்கைப் பாருங்கள். விற்காமல் தேங்கிய வண்டிக்கு விற்ற ஆண்டே பதிவில் ஏறியதும் உண்டு. 1955 ஷெவர்லே என்றால் இன்னும் கவனம் தேவை. அந்த ஆண்டில் பழைய உருவத்து முதல் வரிசையும், மார்ச்சில் வந்த புதிய உருவத்து இரண்டாம் வரிசையும் இருந்தன. வி8 கிடைத்தது இரண்டாவதில்தான்.

எண்ணைத் தேடும் இடத்திலும் ஒரு சறுக்கல் உண்டு. கையேடுகளில் இடம், வலம் என்பது இருக்கையில் உட்கார்ந்தவரின் கணக்கு. பானெட்டுக்கு முன்னால் நின்று பார்ப்பவருக்கு அது தலைகீழ். அமெரிக்க வண்டியில் ஓட்டுநர் இடப்பக்கம் என்பதையும் மனத்தில் வையுங்கள். துருவை எடுக்கக் கிரைண்டரோ மணல் வீச்சோ வேண்டாம், ஆழமில்லாத பஞ்ச் எண் அதிலேயே கரைந்துவிடும். பெயின்ட் நீக்கியும் மென்மையான தூரிகையும் போதும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் நிழலில் எண் எழும்பும். 3க்கும் 8க்கும் சந்தேகம் வந்தால் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பாருங்கள்.

பெயின்ட் அடிக்க வசதியாக இருக்கும் என்று எண் தகட்டின் ரிவெட்டை மட்டும் தட்டி எடுத்துவிடாதீர்கள். வண்டி எண்ணை வேண்டுமென்றே அகற்றுவதும் மாற்றுவதும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். சீரமைப்புக்குத் தவிர்க்க முடியாத சூழ்நிலை என்றால் முதலில் மாநில வாகனத் துறையிடம் கேட்டுவிட்டு, படமும் எடுத்துவைத்துக்கொண்டு கை வையுங்கள். இல்லாவிட்டால் தகடு ஒட்டுவேலைபோல் நிற்கும். அடுத்து வாங்க வருபவர் சேஸ் எண்ணைக் காட்டச் சொல்வார்.