மணிக்கட்டு முறிவுக்குப் பின் மலைப்பாதையில் சைக்கிள்

மாவுக்கட்டைப் பிரித்த வாரமே நாகலாபுரம் மலைப் பக்கம் கிளம்பத் தோன்றும். எனக்கும் தோன்றியது. கொஞ்சம் பொறுங்கள். எலும்பு சேர்ந்துவிட்டாலும், கட்டுக்குள் அசையாமல் கிடந்த தசைகளுக்குப் பழைய பலம் திரும்ப இன்னும் பல வாரங்கள் ஆகும். இறக்கத்தில் உடம்பின் பாரம் கைக்குத்தான் வருகிறது. பிரேக் பிடிப்பதும் அதே கை.

மருத்துவர் சரி என்ற பிறகு, வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். ஈரத் துண்டை நன்றாகப் பிழியுங்கள். சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுங்கள், அப்புறம் தரையில். வலித்தால் மலை காத்திருக்கட்டும்.

முதலில் விடியற்காலையில் திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டுங்கள். மறுநாள் கை வீங்கவில்லை, வலிக்கவில்லை என்றால் மண்பாதைக்குப் போகலாம்.

சைக்கிளிலும் சின்ன மாற்றம் வேண்டும். பிரேக் லீவரைத் திருகாணியால் கைப்பிடிக்கு அருகில் கொண்டுவாருங்கள், ஒரே விரலில் எட்ட வேண்டும். எனக்கு அதிகம் உதவியது இதுதான். டயரில் காற்றைச் சிறிது குறைத்தால் அதிர்வு குறையும். டியூப் டயர் என்றால் ரொம்பக் குறைக்காதீர்கள், கல்லில் இடித்துப் பஞ்சராகும்.

செங்குத்தான இறக்கத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டே வாருங்கள். தனியாகப் போகாதீர்கள். மலைக்குள் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.