ரஷ்யப் பேச்சுவழக்கு: கதையை நம்பி ஏமாறும் இடங்கள்

ஒரு சொல்லின் பிறப்பைப் பற்றிச் சுவையான கதை ஒன்று கிடைத்தால், முதலில் அந்தக் கதையைத்தான் சந்தேகப்பட வேண்டும். ரஷ்யக் கொச்சைச் சொற்களைச் சுற்றி அப்படிப்பட்ட கதைகள் ஏராளம்.

மிகப் பிரபலமானது பாரிஸில் நடக்கிறது. 1814-இல் நெப்போலியனை வீழ்த்தி நகருக்குள் வந்த ரஷ்யாவின் கொசாக் குதிரைவீரர்கள், மதுக்கடைகளில் "பீஸ்த்ர, பீஸ்த்ர" (சீக்கிரம், சீக்கிரம்) என்று அவசரப்படுத்தினார்களாம். சின்ன உணவகத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லான 'பிஸ்த்ரோ' அதிலிருந்து வந்ததாம். பாரிஸின் மோன்மார்த்தர் பகுதியில் ஓர் உணவகம் இதற்காகப் பலகையே மாட்டி வைத்திருக்கிறது. ஆனால் பிரெஞ்சு எழுத்தில் அந்தச் சொல் முதலில் தென்படுவது 1880-களில்தான். எழுபது வருடம் எங்கே ஒளிந்திருந்தது? போதாததற்கு, ரஷ்யச் சொல்லில் அழுத்தம் முதல் அசையில் விழுகிறது, பிரெஞ்சில் கடைசியில். ஒரு சொல் முதன்முதலில் எழுதப்பட்ட ஆண்டைத் தேடிப் பார்த்தாலே இந்த மாதிரிக் கதைகள் பலவும் ஆட்டம் கண்டுவிடும்.

'ஹல்யாவா' இன்னொன்று. ஓசியில் கிடைப்பதற்கு ரஷ்யர்கள் சொல்லும் பெயர். சனிக்கிழமை ஓய்வுநாளில் விற்க முடியாது என்பதால் வெள்ளி மாலையில் யூதர்கள் பாலை இலவசமாகக் கொடுத்தார்கள், எபிரேயத்தில் பாலுக்கு 'ஹாலாவ்', அதுதான் இது என்று ஒரு விளக்கம் வலம்வருகிறது. காதுக்கு ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். உக்ரேனிய மொழியில் ஹல்யாவா என்றால் பூட்ஸின் உயரமான மேல்பகுதி. போலிஷிலும் இதற்கு உடன்பிறந்த சொல் உண்டு. மொழியியலாளர்கள் பொதுவாகக் கைகாட்டுவது இந்தப் பக்கம்தான். பாலை விட பூட்ஸ் சுவாரசியம் குறைவு, என்ன செய்வது! ரஷ்ய மாணவர்கள் இந்தச் சொல்லுக்கு ஒரு சடங்கே வைத்திருக்கிறார்கள். பரீட்சைக்கு முந்தைய இரவு மதிப்பெண் புத்தகத்தை ஜன்னலுக்கு வெளியே விரித்துப் பிடித்து, "ஹல்யாவா, வா!" என்று கத்துவார்கள்.

அடுத்த தவறு, எந்தச் சொல்லைக் கண்டாலும் அது எதன் சுருக்கம் என்று பிரித்துப் பார்ப்பது. சில உண்மையிலேயே சுருக்கங்கள்தான். வீடற்றவரைக் குறிக்கும் 'போம்ஷ்', 'நிலையான வசிப்பிடம் இல்லாதவர்' என்பதன் முதலெழுத்துகள். சோவியத் போலீஸ் ஆவணங்களிலிருந்து தெருவுக்கு வந்தது. கைதியைக் குறிக்கும் 'ஸெக்' கூட அலுவலகக் குறிப்பில் பிறந்ததே. இரண்டு நிஜமாக இருக்கப்போய், மற்ற நூறுக்கும் ஆளாளுக்கு விரிவாக்கம் கற்பிக்கிறார்கள்.

பொருள் விஷயத்தில் வேறு சிக்கல். 1959-இல் மாஸ்கோவின் சொகோல்னிகி பூங்காவில் நடந்த அமெரிக்கக் கண்காட்சியில், அமெரிக்கத் துணை அதிபர் நிக்ஸனிடம் சோவியத் தலைவர் குருஷ்சேவ் 'கூஸ்காவின் அம்மாவைக் காட்டுகிறோம்' என்ற ரீதியில் ஏதோ சொல்ல, மொழிபெயர்ப்பாளர் திணறிப்போனார். 'நாங்க யாருன்னு காட்டுறோம் பார்' என்பதுதான் விஷயம். அம்மாவுக்கு அங்கே வேலையே இல்லை. 1961-இல் வெடித்துச் சோதித்த ராட்சத அணுகுண்டுக்கும் பிறகு இதே பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

சரி, மருத்துவம் படிக்க அங்கே போகும் நம் பிள்ளைகள் உடனடியாக மாட்டிக்கொள்ளும் இடம் 'ப்ளின்'. அகராதியில் அது தோசை மாதிரி ஒரு பண்டம். பேச்சிலோ, அதே ஒலியில் தொடங்கும் ஒரு கெட்ட வார்த்தைக்கு மாற்று. நண்பர்களிடம் சொல்லலாம், வகுப்பில் வேண்டாம்.

பரீட்சைக்குக் கிளம்பும்போது யாராவது "நி பூஹா நி பெரா" என்றால் நன்றி சொல்லிவிடாதீர்கள். ரோமமும் கிடைக்காமல் போகட்டும், இறகும் கிடைக்காமல் போகட்டும் என்று அர்த்தம். கண்பட்டுவிடக் கூடாதென்று வேட்டைக்காரர்கள் தலைகீழாக வாழ்த்திய வாழ்த்து இது. "க் சோர்த்து!" (பேயிடம் போ!) என்பதே சரியான பதில். வாழ்த்தியவர் பேராசிரியராகவே இருந்தாலும் அப்படியே சொல்லலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்.