புதுவாழ்வு இயக்கத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுவது எப்படி

மக்களின் அன்றாட ஒழுக்கத்தைச் சீர்திருத்த முயன்ற சீனாவின் புதுவாழ்வு இயக்கத்தைப் பற்றி எழுத முற்படும் மாணவர் பலர் கன்பூசியஸின் அறக்கோட்பாட்டிலிருந்து தொடங்கி, முதல் பத்தியிலேயே தடம் மாறிவிடுகின்றனர். முதலில் வரைபடத்தை விரித்துக்கொள்ளுங்கள். 1934 பிப்ரவரி 19 அன்று, அப்போது சீனாவை ஆண்ட தேசியவாதக் கட்சியின் தலைவர் சியாங் காய் ஷேக் இவ்வியக்கத்தைத் தொடங்கிய ஊர் தலைநகரான நான்ஜிங் அல்ல. ஜியாங்சி மாகாணத்து நான்சாங். அம்மாகாணத்தின் தென்பகுதி அப்போது கம்யூனிஸ்டுகளின் ஆட்சியில் இருந்தது. அவர்களை முற்றுகையிட்ட படைகளை அவர் நான்சாங்கிலிருந்தே நடத்திவந்தார். படைபலத்தால் மீட்கும் ஊர்களை எதைக் கொண்டு தக்கவைப்பது என்ற கவலையே இந்த அறப்பரப்புரைக்குப் பின்னால் இருந்தது என்பதைக் கட்டுரையின் தொடக்கத்திலேயே நிறுவிவிட வேண்டும்.

அடுத்து, முழக்கங்களை விட்டுவிட்டு விதிகளைப் படியுங்கள். தெருவில் எச்சில் துப்பாதே, சட்டைப் பொத்தானைப் போடு, நடந்துகொண்டே புகைக்காதே என உடை, உணவு, உறைவிடம், நடமாட்டம் ஆகிய நான்கையும் அவை தொட்டன. ஒவ்வொரு விதியையும் மக்களிடம் கொண்டுசேர்த்தவர் காவலரா, சாரணரா, மாணவரா என்று பாருங்கள். வாழ்வை ராணுவமயமாக்குவதும் இயக்கத்தின் வெளிப்படையான இலக்குகளுள் ஒன்று என்பது அப்போது வியப்பளிக்காது.

இயக்கத்தின் மீது ஒட்டப்படும் கன்பூசியம் என்ற பெயர்ச்சீட்டைச் சோதிப்பதற்கே கூடுதல் பக்கங்களை ஒதுக்குங்கள். கட்டுரையின் உயிர் அங்குதான் இருக்கிறது. இயக்கம் முன்வைத்த லி, யி, லியன், சி என்ற நான்கும் முறையே ஒழுங்குமுறை, நேர்மை, கைத்தூய்மை, நாணம் எனத் தோராயமாகப் பெயர்க்கத்தக்கவை. இவற்றை நாட்டைத் தாங்கும் நான்கு கயிறுகளாக ஒருசேரச் சொல்வது கன்பூசியஸின் உரைத்தொகுப்பு அன்று. பண்டைய சீனாவில் சி என்ற பெயர்கொண்ட அரசின் அமைச்சராக இருந்த குவான் சோங்கின் பெயரால் வழங்கும் குவான்சி நூலே. மாறாக, ஆணையாலும் தண்டனையாலும் நடத்தினால் மக்கள் தப்பிக்கப் பார்ப்பார்களே தவிர நாணம் கொள்ளமாட்டார்கள் என்பது கன்பூசியஸின் கூற்று. காவலரைக் கொண்டு நாணத்தைப் புகட்ட முயன்ற இயக்கத்தின் அருகில் இதை வைத்தாலே முரண்பாடு விளங்கும். ஆயினும், 1934 ஆகஸ்டில் கன்பூசியஸின் பிறந்தநாளை அரசு கொண்டாடியதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

சியாங்கின் மனைவி சூங் மெய்லிங்கின் பங்கையும், 1937இல் ஜப்பானுடன் போர் மூண்டபின் நிவாரணப் பணிக்கு இயக்கம் திரும்பியதையும் தனிப் பகுதியாக்குங்கள். பொத்தான் விதிகளை மட்டும் எள்ளி முடிக்கும் கட்டுரைகள் இப்பகுதியைத்தான் கோட்டைவிடுகின்றன.