'அனைவரும் வருக' என்று போட்டிருந்தது: பெங்களூரு ஆய்வுச் சொற்பொழிவுகளில் நாம் செய்யும் தவறுகள்

கோடை விடுமுறைக்கு ஓசூரிலிருந்து வந்திருந்த என் தங்கை மகளை, கருந்துளை பற்றிய ஒரு பேச்சுக்கு அழைத்துப்போனேன். அவள் அப்போது பிளஸ் ஒன் முடித்திருந்தாள். அறிவிப்பில் ஆரஞ்சு வளையத்தோடு அழகான படம், அடியில் 'அனைவரும் வருக'. பேச்சாளர் எழுந்தார், முதல் ஸ்லைடிலேயே ஒரு நீளமான சமன்பாட்டைக் காட்டினார், "இது உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான்" என்று அடுத்ததற்குப் போய்விட்டார். இருபது நிமிடம் கழித்து அவள் என் காதருகே வந்து, "மாமா, இன்னும் கருந்துளைக்கு வரலையா?" என்றாள். அது வந்து, போய், பத்து நிமிடம் ஆகியிருந்தது.

பேச்சாளர் மேல் தப்பில்லை. 'அனைவரும் வருக' என்றால் கதவு திறந்திருக்கிறது, யாரும் தடுக்க மாட்டார்கள், அவ்வளவுதான். பேச்சு நமக்காகத் தயாரிக்கப்பட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. நான் அறிவியல் படித்தவன் அல்ல. வங்கியில் கணக்குப் பார்ப்பவன். மத்திகெரேயில் குடியிருப்பதால் சுற்றுவட்டாரத்தில் நடக்கும் பேச்சுகளுக்குப் போய்ப் போய்ப் பழகிவிட்டேன். நானும் என்னோடு வந்தவர்களும் செய்த தவறுகளில் முக்கால்வாசி இந்த ஒரு குழப்பத்தில் முளைத்தவைதான்.

செமினார், கொலோக்கியம், பொதுச் சொற்பொழிவு மூன்றும் ஒன்று என்று நினைப்பது முதல் தவறு. செமினார் என்பது ஒரே விஷயத்தில் வேலை செய்கிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது. இருபது பேர் இருந்தால் பெரிய கூட்டம். பேச்சாளர் போன மாதம் எடுத்த அளவீட்டைக் காட்டுவார், பின்வரிசையில் ஒருவர் "அந்தக் கோடு ஏன் அங்கே வளைகிறது?" என்பார், அதிலேயே கால் மணி ஓடும். கொலோக்கியம் அதைவிட அகலம். துறை முழுவதற்குமான பேச்சு அது. நட்சத்திரங்களை ஆராய்கிறவர் சொல்வது காந்தங்களை ஆராய்கிறவருக்கும் விளங்க வேண்டும் என்பதால், முதல் கால் மணி நேரமாவது அடித்தளம் போடுவார். நம்மைப் போன்றவர்கள் அந்தக் கால் மணியை வாங்கிக்கொண்டு வந்தாலே லாபம். பொதுச் சொற்பொழிவில்தான் நாமே விருந்தாளிகள்.

எது எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தலைப்பை நம்பாதீர்கள். செமினார்காரர்களுக்கும் கவர்ச்சியாகத் தலைப்பு வைக்கத் தெரியும். கீழே இருக்கும் சுருக்கத்தைப் படியுங்கள். 'நாங்கள் காட்டுகிறோம்', 'இந்த மாதிரியில்' என்று எடுத்த எடுப்பில் ஆரம்பித்தால் செமினார். கேள்வியோ கதையோ முதலில் வந்தால் பொதுப் பேச்சாக இருக்கலாம். அழைப்பது யார் என்பதையும் பாருங்கள்: ஒரு துறையா, அல்லது மக்கள் தொடர்புக்கென்று இருக்கும் பிரிவா? கோட்பாட்டு அறிவியல் ஆய்வு மையமான ஐ.சி.டி.எஸ்.ஸும் ஜவாஹர்லால் நேரு கோளரங்கமும் கைகோத்து நடத்தும் 'காப்பி வித் க்யூரியாசிட்டி' போன்ற தொடர் என்றால் யோசிக்காமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம். பெயரிலேயே காபி வைத்திருக்கிறார்கள், அதற்கு மேல் என்ன உத்தரவாதம் வேண்டும்?

நினைவுச் சொற்பொழிவுகளில் இன்னொரு வழுக்கல் உண்டு. யார் பெயரில் நடக்கிறதோ அவரைப் பற்றிய பேச்சு என்று நினைத்துவிடுகிறோம். ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் காந்தி நினைவுச் சொற்பொழிவு என்று ஒன்று உண்டு. சர் சி.வி. ராமன், தான் மறைந்த 1970ஆம் ஆண்டு வரை அதைத் தானே பேசிவந்தார். காந்தி பெயரில் அவர் பேசியது அறிவியல். ஐ.சி.டி.எஸ்.ஸில் நம்மூர்க்காரர்களான வானியற்பியலாளர் சந்திரசேகர் பெயரிலும் ராமானுஜன் பெயரிலும் தொடர் சொற்பொழிவுகள் உண்டு. அங்கே ராமானுஜனின் கும்பகோணக் கதையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். இன்றைய கணிதம் பேசுவார்கள். இந்த மாதிரித் தொடர்களில் முதல் நாள் பேச்சைப் பரந்த கூட்டத்துக்காக வைப்பது வழக்கம், அடுத்தடுத்த நாட்கள் துறைக்காரர்களுக்கு. என் நண்பர் ஒருவர் முதல் நாள் வேலை என்று இரண்டாம் நாள் போய் உட்கார்ந்தார். மெகா சீரியலை நூறாவது எபிசோடிலிருந்து பார்த்தாலும் கதை பிடிபடும், இது பிடிபடாது என்றார்.

பேச்சாளரின் பரிசைப் பார்த்து ஓடுவதும் அப்படித்தான். பெரிய விருது வாங்கியவர் தன் துறைக்காரர்களிடம் பேச வந்திருந்தால் அந்த விருது நமக்கு ஒன்றும் விளக்காது. மறுபக்கம், யாரும் எட்டிப் பார்க்காத ஒன்றை நான் சிபாரிசு செய்வேன்: ஆய்வு மாணவர்களின் பொது வாய்மொழித் தேர்வு. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இந்தச் சொல் பழக்கமானது. இந்திய அறிவியல் கழகம் போன்ற இடங்களிலும் முனைவர் பட்டத்துக்கான இந்தப் பேச்சு திறந்த அரங்கில்தான் நடக்கும். ஐந்தாறு வருட உழைப்பை ஒரு மணி நேரத்தில் சொல்ல வேண்டும், தேர்வாளர் எதிரே உட்கார்ந்திருக்கிறார், பெரும்பாலும் அம்மா அப்பாவும் ஊரிலிருந்து வந்து கடைசி வரிசையில் இருப்பார்கள். அதனாலேயே அந்த மாணவர் அடிப்படையிலிருந்து தெளிவாகத் தொடங்குவார். புகழ்பெற்றவர்களிடம் அந்தக் கவனம் எப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது.

அறிவியல் நகரம் என்பதால் அறிவியல் மட்டும்தான் பேசுவார்கள் என்பதும் சரியல்ல. பசவனகுடியில் 1945 முதல் இருக்கும் இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் வேர்ல்ட் கல்ச்சரில் வரலாறு, இலக்கியம், தத்துவம், இசை எல்லாம் உண்டு. உயிரியல் ஆய்வு மையமான என்.சி.பி.எஸ்.ஸில் 2019இல் தொடங்கிய ஆவணக் காப்பகம், அறிவியலின் வரலாற்றைப் பற்றித் தனியாகவே பேச்சுகள் நடத்துகிறது. ஆய்வகப் பேச்சு தலைக்கு மேலே போகிறவர்களுக்கு இவை நல்ல வாசல்.

இங்கே ஒரு மொழிக் கூத்தையும் சொல்ல வேண்டும். கன்னடச் சுவரொட்டியில் 'உபன்யாச' என்று பார்த்ததும் நம்மவர்கள் ராமாயணக் கதை என்று நினைத்து நகர்ந்துவிடுகிறார்கள். கன்னடத்தில் அந்தச் சொல்லுக்குச் சொற்பொழிவு என்று பொருள்; கல்லூரி விரிவுரையாளரை 'உபன்யாசக' என்பார்கள். அதே சொல் இந்திக்குப் போனால் நாவல் ஆகிவிடுகிறது. அல்சூரில் நான் பழகிய ஒரு பெரியவர் பல வருடம் இப்படிக் கடந்துபோனவர்தான். பிறகு ஒரு நாள் உள்ளே போய் உட்கார்ந்தால், ஏரிகள் ஏன் நுரைக்கின்றன என்று பேசிக்கொண்டிருந்தார்களாம்.

இடத்தைத் தவறவிடுவது பற்றி. பஸ் கண்டக்டருக்கு 'டாட்டா இன்ஸ்டிடியூட்' என்றால் 1909இல் தொடங்கிய இந்திய அறிவியல் கழகம்தான். ஆனால் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் வேறு. அதன் தலைமையகம் மும்பையில் இருக்கிறது. பெங்களூரில் அதன் மையங்கள் தனித்தனியாகச் சிதறிக் கிடக்கின்றன. ஜி.கே.வி.கே. என்கிற வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குள் என்.சி.பி.எஸ்., வடக்கே ஹெசரகட்டா பக்கம் ஐ.சி.டி.எஸ். 'டாட்டா' என்ற ஒரு சொல்லை நம்பி, இந்திய அறிவியல் கழகம் இருக்கும் யஷ்வந்த்பூர் பக்கம் இறங்கிவிட்டால், அங்கிருந்து ஹெசரகட்டா போய்ச் சேர்வதற்குள் நன்றியுரை முடிந்திருக்கும். சரியான வளாகத்துக்கே வந்துவிட்டாலும் வாசலிலிருந்து அரங்கு வரை நடையைக் கணக்கில் வையுங்கள். இந்திய அறிவியல் கழகம் 400 ஏக்கருக்கு மேல். காவலாளி கேட்டால் காட்ட அடையாள அட்டை.

நன்றியுரை என்றதும் நினைவுக்கு வருகிறது. நம் கூட்டங்களில் தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை என்று முக்கால் மணி கழித்துத்தான் சிறப்புரை. அந்தக் கணக்கை மனதில் வைத்து நான்கு மணிப் பேச்சுக்கு நான்கே முக்காலுக்குப் போனால், கேள்வி நேரம் நடந்துகொண்டிருக்கும். ஆய்வு நிறுவனங்களில் அறிமுகம் இரண்டு நிமிடம், அதுவும் சில சமயம் ஒரே வாக்கியம். பல இடங்களில் டீ, பிஸ்கட் பேச்சுக்கு முன்னாலேயே. கால் மணி முந்திப் போனால் டீயும் கிடைக்கும், பேச்சாளரும் கையில் கோப்பையோடு சும்மா நின்றுகொண்டிருப்பார்.

கேள்வி நேரத்துக்கு வருவோம். இங்கே பட்டிமன்றப் பழக்கம் நம்மை மாட்டிவிடும். மைக் கைக்கு வந்ததும், "ஐயா அவர்கள் மிக அருமையாகப் பேசினார்கள், நான்கூட 1987இல்..." என்று ஆரம்பித்து, திருமூலர் வழியாக அணுவுக்கு வந்து, கேள்வியே இல்லாமல் உட்கார்ந்துவிடுகிறவர்களை எல்லா அரங்கிலும் பார்க்கலாம். தமிழர்கள் மட்டும் என்று சொன்னால் அநியாயம், எல்லா மொழிக்காரர்களும் செய்கிறார்கள். திருமூலர் இடத்தில் வேறொருவர் வருவார்.

அதைவிட எனக்கு வருத்தம் தருவது மறுகோடி: நல்ல கேள்வியை வைத்துக்கொண்டு, 'இது சின்னப்பிள்ளைத்தனமாக இருக்குமோ' என்று விழுங்கிவிடுவது. சின்னக் கேள்விதான் பல சமயம் வேலை செய்கிறது. "இதை எதை வைத்து அளந்தீர்கள்?" "இது தப்பாக இருந்தால் எப்படித் தெரியவரும்?" இந்த இரண்டையும் எந்தத் துறைப் பேச்சிலும் கேட்கலாம், யாரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. ஆங்கிலம் தடுமாறினால் பரவாயில்லை, ஒரே வாக்கியமாகக் கேளுங்கள். இன்னொன்று, செமினாரில் நடுவில் குறுக்கிட்டுக் கேட்பது சகஜம். இரண்டு பேராசிரியர்கள் குரல் உயர்த்தினால் சண்டை என்று நினைத்துப் பதற வேண்டாம், கீழே போய் ஒன்றாக டீ குடிப்பார்கள். பொதுச் சொற்பொழிவில் மட்டும் கடைசி வரை பொறுங்கள்.

அப்புறம், போன். பொதுப் பேச்சில் படம் எடுத்தால் யாருக்கும் ஒன்றுமில்லை. செமினாரில் திரையில் தெரிவது இன்னும் அச்சேறாத முடிவாக இருக்கலாம். கேட்காமல் ஸ்லைடைப் படம் எடுப்பது அடுத்தவர் வீட்டு அடுப்பிலிருந்து பாதி வெந்த சோற்றை அள்ளுகிற மாதிரி. அதைவிட மோசம், வீட்டுக்கு வந்ததும் வாட்ஸாப்பில் 'பெங்களூரு விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்கள்' என்று போடுவது. பேச்சில் சொன்னது கட்டுரையாக எழுதப்பட்டு, அதே துறையின் வேறு ஆட்கள் அதைக் குடைந்து பார்த்து, இதழில் வெளிவர மாதங்கள் ஆகும். நடுவில் பல முடிவுகள் மாறும், சில காணாமலே போகும்.

காணாமல் போகாத முடிவுகளும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் ராமன் தன் புதிய ஒளிச்சிதறலைக் கண்டார். மார்ச் 16, வெள்ளிக்கிழமை, இதே பெங்களூரில் தென்னிந்திய அறிவியல் சங்கத்தின் தொடக்க உரையில் அதை விளக்கினார். அந்த உரையே கட்டுரையாகவும் அச்சேறியது, 1930இல் நோபல் பரிசு வந்தது. அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேருக்குப் புரிந்திருக்கும் என்று அடிக்கடி நினைப்பேன்.

யூடியூபில் வரும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். பெரிய பேச்சுகள் வருகின்றன. செமினார் பெரும்பாலும் வருவதில்லை. வந்தாலும் நாம் பார்ப்பதில்லை.

தங்கை மகள் விஷயத்துக்கு வருகிறேன். அன்று பேச்சு முடிந்ததும் கிளம்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவள் வாசலில் நின்றிருந்த ஒரு ஆய்வு மாணவியிடம் போய், "அக்கா, அந்த முதல் ஸ்லைடுல இருந்தது என்ன?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டாள். நல்ல வேளை, அந்தப் பெண் திருநெல்வேலி. படிக்கட்டில் உட்கார்ந்து, பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு ஆரம்பித்தாள். நாங்கள் கிளம்பும்போது மணி ஏழு.