வேளாண் மாணவர்களுக்குப் பூச்சி சேகரிப்பு: வலையிலிருந்து பெட்டி வரை

பி.எஸ்சி. வேளாண்மை, தோட்டக்கலை, டிப்ளமோ என எதில் சேர்ந்தாலும் பூச்சியியல் செய்முறைக்கு, பிடித்த பூச்சிகளைப் பின்னில் குத்தி அடுக்கிய ஒரு இன்செக்ட் பாக்ஸ் கொடுத்தாக வேண்டும். சப்மிஷனுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தொடங்குகிறவர்களே அதிகம். அந்த நேரத்தில் கிடைப்பது விடுதி டியூப்லைட்டுக்கு வருகிற பூச்சிதான். நெல்லில் சாறு உறிஞ்சும் புகையான் இருக்காது, துவரையில் பூ இருக்காது. செமஸ்டர் தொடங்கிய வாரமே வலையை எடுத்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வயலில் பயிரும் இருக்கும், பூச்சியும் இருக்கும்.

எண்ணிக்கையைத் துரத்துவதைவிட, ஒரு பயிரை எடுத்துக்கொண்டு அதில் தின்கிற பூச்சி, அதைத் தின்கிற பூச்சி, அது செய்த சேதம் மூன்றையும் சேர்த்தால் தேர்வுக்குத் தனியாகப் படிக்க வேண்டியிருக்காது. வண்ணத்துப்பூச்சிகளால் நிறைந்த பெட்டி பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வேளாண் பூச்சியியலுக்கு அதில் சொல்ல அதிகம் இல்லை. சில வண்ணத்துப்பூச்சிகள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேறு வருகின்றன. காட்டுக்குள்ளும் சரணாலயத்திலும் வலை வீசக் கூடாது. கல்லூரிப் பண்ணையும் சுற்றியுள்ள வயல்களுமே போதும். வயல்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். மருந்து அடித்து எத்தனை நாள் ஆயிற்று என்பதையும் அப்போதே விசாரித்துவிடுங்கள்.

பிடிக்கும் கருவிகள்

வலையின் வளையம் 30 முதல் 38 செ.மீ. விட்டம், கைப்பிடி சுமார் 90 செ.மீ. துணிப்பையின் ஆழம் விட்டத்தைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். வீசி முடித்ததும் கைப்பிடியைத் திருப்பினால் பை வளையத்தின் மேல் மடிந்து வாய் அடைபட வேண்டும். பை குட்டையாக இருந்தால் மடியாது, பிடித்ததெல்லாம் பறந்துவிடும். கொசுவலைத் துணி பறப்பவற்றுக்குச் சரி. செடிமேல் வீசி வாரும் வலைக்கு அது கிழியும், காடாத்துணி வேண்டும்.

நெல் வயலில் வலை மட்டும் வீசினால் தும்பியும் வெட்டுக்கிளியும்தான் வரும். புகையான் தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே உட்கார்ந்திருக்கும். குனிந்து தூரைச் சாய்த்து, கீழே வெள்ளைத் தட்டைப் பிடித்துத் தட்ட வேண்டும். இத்தனை சிறிய பூச்சியை விரலால் எடுத்தால் நசுங்கும், உறிஞ்சுகுழல்தான் சரி. சிறிய கண்ணாடிக் குப்பி, ரப்பர் மூடியில் இரண்டு குழாய். வாயில் வைக்கும் குழாயின் உள்முனையில் மஸ்லின் துணி கட்ட மறந்தால் பூச்சி தொண்டைக்குப் போகும். அசுவினி, மாவுப்பூச்சி, இலைப்பேன் ஆகியவற்றுக்கு ஈரத் தூரிகை.

தாய் அந்துப்பூச்சிகளுக்கு விளக்குப்பொறி. அமாவாசையை ஒட்டிய இரவுகளில், இருட்டியதிலிருந்து பத்து மணி வரை நன்றாக விழும். பின்னால் ஒரு வெள்ளை வேட்டி கட்டிவிட்டால் அதில் வந்து உட்காருவதை ஒவ்வொன்றாகக் குப்பியில் எடுக்கலாம். நெல் தண்டுதுளைப்பானில் பெண் அந்துப்பூச்சிக்கு வைக்கோல் மஞ்சள் முன்இறகு ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கரும்புள்ளி, வயிற்று நுனியில் மஞ்சள் மயிர்க்கற்றை. முட்டைக்குவியலைப் போர்த்தியிருப்பது அந்த மயிர்தான். ஆண் சிறியது, பழுப்பு, புள்ளி தெளிவாக இருக்காது. பலர் பெண்ணை மட்டும் குத்திவிட்டு ஆணை வேறு பூச்சி என்று தூக்கிப் போடுகிறார்கள். இரண்டையும் வையுங்கள்.

வெறுங்கையால் தொடக் கூடாதவை இரண்டு. துவரைப் பூவைத் தின்னும் கொப்புள வண்டு, கறுப்பில் ஆரஞ்சுப் பட்டை போட்டது. இன்னொன்று பீடரஸ் வண்டு, எறும்பைப்போல ஒல்லியாக, கறுப்பும் ஆரஞ்சும் மாறி மாறி இருக்கும், இரவில் விளக்குக்கு வரும். தோலில் வைத்து நசுக்கிவிட்டால் மறுநாள் தீக்காயம் போலப் புண் வரும். கண்ணுக்குப் போனால் தொல்லை பெரிது. இடுக்கியால் எடுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

கில்லிங் பாட்டில்

பிடித்த பூச்சியைக் கொல்லும் இந்தப் பாட்டிலில் பொட்டாசியம் சயனைடு போடச் சொல்லிப் பழைய பூச்சியியல் நூல்களில் இருக்கும். மாணவர் கையில் அது இருக்கவே கூடாது. எத்தில் அசிட்டேட் போதும். அகல வாய்க் கண்ணாடிப் பாட்டிலின் அடியில் இரண்டு செ.மீ. உயரத்துக்குப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி, வெயிலில் முழுக்கக் காய விடுங்கள். அரைகுறையாகக் காய்ந்தால் மருந்தை உறிஞ்சாது. காய்ந்தபின் 5 முதல் 10 மி.லி. எத்தில் அசிட்டேட் ஊற்றி, ஊறட்டும் என்று விட்டு, மிச்சத்தை வடித்துவிடுங்கள். மேலே வட்டமாக வெட்டிய வடிதாள் ஒன்று, சுருட்டிய காகிதத் துண்டுகள் நாலைந்து. பூச்சிகள் ஒன்றோடொன்று உரசாமல் அவை தடுக்கும். வெளியே டேப் சுற்றினால் கீழே விழுந்தாலும் சில் தெறிக்காது. சில வகை பிளாஸ்டிக்கை எத்தில் அசிட்டேட் கரைத்துவிடும், கண்ணாடியே வேண்டும். இது தீப்பற்றும், விளக்குப்பொறிக்கு வெறும் சுடர் வைத்திருந்தால் அருகில் திறக்காதீர்கள்.

இரண்டு பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டையும் அந்துப்பூச்சியையும் ஒரே பாட்டிலில் போட்டால், சாகும்வரை வண்டு உதைக்கிற உதையில் அந்துப்பூச்சியின் செதிலெல்லாம் உதிர்ந்து இறகு கண்ணாடித்தாள் மாதிரி ஆகிவிடும். அந்துப்பூச்சி சில நிமிடங்களில் அடங்கும். கூன்வண்டு அப்படியில்லை. அரைமணியில் எடுத்துப் பின் குத்தினால் மறுநாள் காலையில் காலை ஆட்டிக்கொண்டிருக்கும். இரவு முழுக்க உள்ளேயே விடலாம். பச்சை நிறப் பூச்சிகளை மட்டும் அதிக நேரம் விடாதீர்கள், நிறம் மாறும்.

பிடித்த அன்றே குத்துவது நல்லது. விட்டுப்போய் விறைத்துவிட்டால் வளைக்க முயலாதீர்கள், கால் ஒடியும். டிபன் பாக்ஸில் ஈர மணல், மேலே வடிதாள், பூசணம் வராமல் இருக்கச் சில சொட்டு கார்பாலிக் அமிலம். அதில் மூடிவைத்தால் ஒன்றிரண்டு நாளில் இளகும்.

பின் குத்தும் இடம்

பூச்சிக்கென்றே விற்கும் துருப்பிடிக்காத பின் வாங்குங்கள். நீளம் 38 மி.மீ., பெரும்பாலானவற்றுக்கு 1 முதல் 3 வரையிலான எண்கள் போதும். தையல் கடைக் குண்டூசி துருப்பிடிக்கும். பித்தளை ஊசியாக இருந்தால் உடல் கொழுப்போடு சேர்ந்து பச்சைக் களிம்பு பிடித்து நாளடைவில் பூச்சியையே பிளந்துவிடும்.

குத்தும் இடம் பூச்சியின் வரிசைக்கு (ஆர்டர்) வரிசை மாறும். வண்டுக்கு வலது மேலிறகில், அடிப்பக்கத்தை ஒட்டி. நாவாய்ப்பூச்சிக்கு முதுகிலுள்ள முக்கோணத் தகட்டில், நடுக்கோட்டுக்குச் சற்று வலப்புறம். வெட்டுக்கிளிக்குக் கழுத்துத் தகட்டின் பின்பகுதியில், நடு வரப்புக்கு வலப்பக்கம். ஈ, குளவி, தேனீ ஆகியவற்றுக்கு முன்இறகுகளின் அடிக்கு இடையே, அதுவும் நடுவிலிருந்து கொஞ்சம் வலப்பக்கம். அந்துப்பூச்சிக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் மட்டும் மார்பின் நட்டநடுவில். வலப்பக்கமே ஏன் என்றால், பின் துளைத்த இடத்திலுள்ள மயிரும் குழியும் கோடும் அழிந்துவிடும். இனம் காண அவைதான் வேண்டும். இடப்பக்கம் முழுசாக இருந்தால் அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

பூச்சிக்கு மேலே சுமார் ஒரு செ.மீ. பின் வெளியே நிற்க வேண்டும். அதுதான் விரல் பிடிக்கிற இடம். எல்லாப் பூச்சியும் ஒரே உயரத்தில் நிற்க, அந்த உயரத்துக்குத் துளையிட்ட மரக்கட்டை ஒன்று செய்துகொள்ளுங்கள். பக்கவாட்டில் பார்த்தால் பின்னும் உடலும் செங்குத்தாக வெட்ட வேண்டும். தலை தொங்கினாலோ வால் தூக்கினாலோ உடனே சரிசெய்யுங்கள், காய்ந்தபின் முடியாது.

பின்னே தாங்காத அளவுக்குச் சிறியதாக இருந்தால் தடித்த அட்டையில் 8 மி.மீ. நீளம், 4 மி.மீ. அடி உள்ள முக்கோணம் வெட்டி, அடியில் பின் குத்தி, கூர் முனையைச் சற்றே கீழே வளைத்து, பூச்சியின் மார்பு வலப்பக்கத்தில் ஒட்டுங்கள். தண்ணீரில் கரையும் பசை, அதுவும் ஊசிமுனையளவு. பசை வழிந்து வயிற்றுப்பக்கத்தை மூடினால் அந்த மாதிரி வீண்.

பெரிய வெட்டுக்கிளிக்கு இன்னொரு வேலை இருக்கிறது. குடலோடு காயவைத்தால் அழுகிக் கறுத்து நாறும். வயிற்றின் அடியில் நீளவாக்கில் சிறிதாகக் கீறி, இடுக்கியால் குடலை எடுத்துவிட்டு, சிறு பஞ்சு வைத்து மூடுங்கள்.

இறகு விரிக்க ஸ்ப்ரெட்டிங் போர்டு. உடல் இறங்கும் அளவு பள்ளம் வெட்டிய தெர்மோகோலே போதும். முன்இறகின் பின்விளிம்பு உடலுக்குச் செங்கோணமாக வரும்வரை மேலே தள்ளுங்கள், பிறகு பின்இறகை அதன் அடியில் செருகுங்கள். இழுக்கும்போது ஊசியை இறகின் முன்விளிம்பிலுள்ள தடித்த நரம்புக்குப் பின்னால் வைத்தால் கிழியாது. பட்டர் பேப்பர் பட்டை போட்டு, பட்டையின் இரு ஓரத்திலும் பின் குத்த வேண்டும், இறகில் ஒரு பின்கூட இறங்கக் கூடாது. சிறியவை மூன்று நான்கு நாளிலும் பெரியவை ஒரு வாரத்துக்கு மேலும் காயும். மழைக்காலத்தில் இன்னும் நாளாகும். காய்ந்ததா என்று பார்க்க வயிற்று நுனியை ஊசியால் மெல்லத் தொடுங்கள். வயிறு தனியாக ஆடினால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. முழு உடலும் சேர்ந்து அசைந்தால் எடுக்கலாம். காயுமுன் எறும்பு வந்துவிடும், போர்டை வைத்த மேசையின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள்.

புழுவும் குப்பியும்

பயிரைத் தின்பது பெரும்பாலும் புழு. பெட்டியில் அந்துப்பூச்சி மட்டும் இருந்தால் பாதிக் கதை இல்லை. புழுவை அப்படியே ஆல்கஹாலில் போட்டால் இரண்டு நாளில் கறுத்துக் குழையும், குடலிலுள்ள நொதிகள் உள்ளிருந்தே அதைச் செரித்துவிடும். கொதித்து இறக்கிய வெந்நீரில் ஒன்றிரண்டு நிமிடம் போட்டு எடுத்து, அதன்பின் 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றுங்கள். ஆய்வகத்தில் இருப்பது 95 சதவீதம் என்றால், அதில் 70 மி.லி. எடுத்துக் காய்ச்சி வடித்த நீர் 25 மி.லி. சேர்த்தால் சரியாக வரும். நீர் சேர்க்காமல் போட்டால் புழு விறைத்து நொறுங்கும். புழுவின் உடல் நீர் கரைசலை நீர்த்துவிடும் என்பதால் மறுநாள் ஒருமுறை ஆல்கஹாலை மாற்ற வேண்டும். நிறம் எப்படியும் வெளுக்கும், உயிரோடு இருக்கும்போதே படம் எடுத்துவிடுங்கள்.

மக்காச்சோளக் குருத்தைத் தின்னும் படைப்புழு இப்போது எல்லாப் பெட்டியிலும் இருக்க வேண்டியது. 2018இல் கர்நாடகத்தில் முதலில் கண்டறியப்பட்டு, விரைவில் தமிழ்நாட்டு மக்காச்சோளத்துக்கும் வந்தது. தலையில் தலைகீழ் ‘ஒய்’ வடிவக் கோடு, வால்பக்கம் கடைசிக்கு முந்திய உடல் கண்டத்தில் சதுரமாக நாலு கரும்புள்ளி. குப்பியில் தலை மேலே இருக்கும்படி வைத்தால் இவற்றைத் திறக்காமலே காட்டலாம்.

புழுவை வளர்த்துத் தாயைப் பெறுவதுதான் இந்த வேலையிலேயே அதிகம் கற்றுத்தருவது. துளையுள்ள கத்தரிக்காய் நாலு கொண்டுவந்து, காற்றோட்டமான டப்பாவில், அடியில் மெல்லிய தாளும் சில காய்ந்த இலைச் சருகும் போட்டு வையுங்கள். இளஞ்சிவப்புப் புழு காயிலிருந்து வெளியேறி, சருகில் படகு வடிவக் கூடு கட்டும். ஒரு வாரம் பத்து நாளில் வெள்ளை இறகில் பழுப்பும் இளஞ்சிவப்புமான திட்டுகளோடு அந்துப்பூச்சி வெளியே வரும். புரோடீனியா எனும் புகையிலை வெட்டுப்புழு அப்படிக் கட்டாது, மண்ணுக்குள் போய்க் கூண்டுப்புழுவாகும், அதற்கு ஈர மண் வைக்க வேண்டும். வெளியே வந்த உடனே கொல்லாதீர்கள், இறகு விரிந்து இறுகச் சில மணி நேரம் கொடுங்கள். சில கூடுகளிலிருந்து அந்துப்பூச்சிக்குப் பதில் சின்னக் குளவி வரும். ஏமாற்றமாக நினைக்காதீர்கள். புழுவைத் தின்ற ஒட்டுண்ணி அது, அதையும் அந்தக் கூட்டையும் சேர்த்து ஒட்டிவையுங்கள்.

சீட்டு

எழுதாமல் விட்டால் எத்தனை அழகாக விரித்திருந்தாலும் பயனில்லை. எந்த ஊர், எந்த மாவட்டம், எந்தத் தேதி, எந்தப் பயிர், யார் பிடித்தது ஆகிய ஐந்தும் ஒன்றரை செ.மீ. நீளச் சீட்டில், பூச்சிக்குக் கீழே அதே பின்னில். அடுத்த சீட்டில் வரிசை, குடும்பம், அறிவியல் பெயர். மாதத்தை ரோமன் எண்ணில் எழுதினால் நாளோடு குழம்பாது. குப்பிக்கான சீட்டைப் பென்சிலால் எழுதி உள்ளேயே போடுங்கள், பால்பாயின்ட் மை ஆல்கஹாலில் கரைந்து நீலத் தண்ணீர் ஆகிவிடும். பெயர் தெரியாவிட்டால் குடும்பம் வரை எழுதி நிறுத்துங்கள். ஊகித்து எழுதிய இனப்பெயரைவிட அது மேல். ஒப்பிட்டுப் பார்க்கக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் 2018இல் திறந்த பூச்சி அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். சீனியர் பெட்டியிலிருந்து பூச்சி வாங்கிப் புதுத் தேதி போடுவது பொய்ப் பதிவு, எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.

பெட்டியைக் காப்பது

நாப்தலின் உருண்டையை அப்படியே உள்ளே போட்டால் உருண்டோடி இறகையும் உணர்கொம்பையும் உடைக்கும். பின்னின் தலையைச் சூடாக்கி உருண்டைக்குள் இறக்குங்கள், ஆறினால் பிடித்துக்கொள்ளும், மூலையில் குத்திவிடலாம். அடியில் தெர்மோகோல் போட்டிருந்தால் உருண்டை அதைத் தொடக் கூடாது, இளக்கிவிடும்.

சில மாதம் கழித்து ஒரு பூச்சிக்குக் கீழே பொடி கொட்டிக் கிடந்தால், ஆந்த்ரினஸ் வண்டின் புழு உள்ளே தின்கிறது என்று அர்த்தம். அந்த மாதிரியை உடனே வெளியே எடுங்கள். பெட்டியைப் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஒரு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். எடுத்தபின் அறையின் சூட்டுக்கு வரும்வரை பையைப் பிரிக்காதீர்கள், பிரித்தால் ஈரம் பூச்சிமேல் படிந்து அடுத்த வாரம் பூசணம் பிடிக்கும்.