ஓட்டு கேட்டபோது சொன்னதைச் செய்தார்களா? பேரேடு போட்டுப் பார்ப்பது எப்படி

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள், எண்பது பக்கம் போதும். கல்யாணம் என்றால் இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, சீர் சாமானைக் கரண்டி வரைக்கும் சிட்டையில் ஏற்றி, பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்து வருஷா வருஷம் ஐந்தொகை என்ற இருப்புக் கணக்கு எடுத்துப் பார்த்தவர்கள் வாழ்ந்த மண் எங்கள் செட்டிநாடு. ஆனால் ஓட்டு கேட்டு வந்தவர் நம் வாசலில் நின்று சொன்னதை மட்டும் யாரும் எழுதி வைப்பதில்லை. இரண்டு வருஷம் கழித்து டீக்கடையில் ஒருத்தர் "ஒண்ணுமே செய்யலை" என்கிறார், இன்னொருத்தர் "எல்லாம் செஞ்சாச்சு" என்கிறார், ரெண்டு பேர் கையிலும் கணக்கு இல்லை. எனக்கு அதில்தான் வருத்தம்.

நோட்டில் சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள், தேதியும் இடமும் சேர்த்து. "குடிதண்ணீர் பிரச்சினையைத் தீர்ப்பேன்" என்பதைத் தனியாக வையுங்கள், அதை எப்படியும் அளக்க முடியாது. "குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1000 ரூபாய்" என்பதை அளக்கலாம். 2021-இல் திமுக 505 வாக்குறுதிகளில் ஒன்றாக அதைச் சொன்னது, 2023 செப்டம்பர் 15-இல் திட்டம் தொடங்கியது, ஆனால் வருமானம், நிலம், மின்சார அளவு என்று தகுதி வைத்துத்தான் கொடுத்தார்கள். சொன்ன சொல் பக்கத்தில் இருந்தால் இதற்கு "பாதி" என்று எழுதலாம், இல்லையென்றால் சண்டைதான் போடலாம். 2016-இல் அதிமுக சொன்ன 100 யூனிட் இலவச மின்சாரம் பதவியேற்ற அன்றே கையெழுத்தானது, அது "செய்தது". அதே தேர்தலில் சொன்ன படிப்படியான மதுவிலக்குக்கு முதலில் 500 கடைகள், மறு வருஷம் இன்னொரு 500 கடைகள் என்று மூடிவிட்டு நின்றுபோனது, அது "தொடங்கியது, முடியவில்லை". எந்தக் கட்சியானாலும் அளவுகோல் ஒன்றாக இருக்கட்டும்.

அடுத்தது, அது யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். செட்டிநாடு சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டத்தில் பரவிக் கிடக்கிறது. காரைக்குடி ஒரு சட்டமன்றத் தொகுதி, பொன்னமராவதி இருப்பது திருமயம் தொகுதி, இரண்டுமே சிவகங்கை நாடாளுமன்றத் தொகுதிக்குள் வருகின்றன. ரயில் நிறுத்தம் வாங்கித் தருகிறேன் என்று எம்.எல்.ஏ. சொன்னால் அவர் கேட்கத்தான் முடியும், கொடுப்பது ரயில்வே. நீட் விலக்கும் அப்படித்தான், சட்டமன்றம் இரண்டு முறை மசோதா நிறைவேற்றியும் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தரவில்லை. இந்த மாதிரி விஷயத்துக்கு நோட்டில் தனிப் பக்கம் வைத்து, "முயற்சி செய்தாரா" என்று மட்டும் பாருங்கள். தெருவிளக்கு, சிமெண்ட் ரோடு, ஊருணி மாதிரி வேலைகளுக்குத் தப்பிக்க இடமே இல்லை. தமிழ்நாட்டில் ஒரு எம்.எல்.ஏ.வுக்கு ஆண்டுக்கு 3 கோடி, எம்.பி.க்கு 5 கோடி தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கிறது, எந்த வேலை என்று பரிந்துரைப்பது அவர்கள்தான்.

பேப்பரில் "அறிவிப்பு" என்று வந்ததும் டிக் போட்டுவிடாதீர்கள். சட்டமன்றத்தில் 110 விதியின் கீழ் படித்தாலும் அது அறிவிப்புதான். அதற்கப்புறம் அரசாணை, நிர்வாக அனுமதி, மதிப்பீடு, டெண்டர், பணி ஆணை என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். பல வாக்குறுதிகள் அரசாணைக்கும் டெண்டருக்கும் நடுவில்தான் கிடக்கும். அமைச்சர் சபையில் தந்த உறுதியாக இருந்தால் அதைக் கேட்கச் சட்டமன்றத்திலேயே அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது, மேடையில் சொன்னது அந்தக் கணக்கில் வராது.

எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிய, தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். வெள்ளைத்தாளில் எழுதி 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பினால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. "ஏன் செய்யவில்லை?" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. நிர்வாக அனுமதி தந்த நாள், எந்த நிதி, மதிப்பீட்டின் நகல், முடிந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தின் நகல் என்று காகிதமாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் சரிப்படாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

எங்கள் ஊர் ஊருணிக்கு இப்படித்தான் செய்தேன். பிரச்சாரத்தில் சொன்னது மூன்று: தூர்வாருவது, கரை கட்டுவது, வரத்துக்கால் என்ற வாய்க்காலைச் சீர்செய்வது. வேலை முடிந்தது என்று பெயர்ப்பலகை வைத்தார்கள், கரை பளபளவென்று இருந்தது, ஐப்பசி மழையும் நன்றாகவே பெய்தது, ஆனால் ஊருணியில் முழங்கால் அளவுக்குக்கூடத் தண்ணீர் நிற்கவில்லை. மதிப்பீட்டின் நகல் கைக்கு வந்தபோது கருங்கல் கட்டுமானத்துக்கு இத்தனை கனமீட்டர், படித்துறைக்கு இத்தனை என்று வரி வரியாக இருந்தது. வரத்துக்கால் என்ற சொல்லே அதில் இல்லை. கால் வரும் வழியில் நடந்து பார்த்தேன், கருவேலம் மண்டி, ஒரு இடத்தில் குப்பை கொட்டி மேடாகி, தண்ணீர் ரோட்டுப் பக்கம் திரும்பிப் போயிருந்தது. கட்டியது பொய்யில்லை, அதனால் மூன்றில் இரண்டு என்று எழுதிக்கொண்டேன். ஆனால் தண்ணீரைக் கொண்டுவருவது அந்த மூன்றாவதுதான்!

கோர்ட்டுக்குப் போகலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு சேதி. இலவச டிவி வாக்குறுதி தொடர்பான தமிழ்நாட்டு வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம், தேர்தல் அறிக்கையில் சொல்வது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்றது, வழிகாட்டு நெறி வகுக்கும்படி தேர்தல் ஆணையத்துக்குச் சொன்னது. சொன்னதைச் செய்யவில்லை என்பதற்காக ஒருவரின் பதவியைப் பறிக்க நம்மிடம் சட்டம் இல்லை. அதனால்தான் கிராமசபையை விடக்கூடாது என்கிறேன். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 தவிர, இப்போது மார்ச் 22, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கூட்டம் உண்டு. காரைக்குடி மாதிரி மாநகராட்சியில் இருப்பவர்கள் வார்டு கவுன்சிலரைப் பிடியுங்கள்.

கூட்டத்துக்கு நோட்டையும் நகலையும் எடுத்துக்கொண்டு போங்கள். நான் போனபோது பக்கத்து வீட்டு ஆச்சிதான் எழுந்து, "மூணு சொன்னாக, ரெண்டுதான் இருக்கு, மூணாவதை எழுதுங்கப்பா" என்றார். அதைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றும்வரை நாங்கள் யாரும் எழுந்திருக்கவில்லை, தீர்மான எண்ணை நோட்டில் குறித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தோம்.